இரண்டு தட்டு, ஜன்னல் பக்கம்

ஜூன் 11, செவ்வாய். நேற்று மூன்றாம் உருளையில் வலது பக்கம் ஈரம் என்று எழுதியது தவறு. இடது பக்கம்தான். நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது வலது. ஆபரேட்டர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இடது. என் பேச்சைக் கேட்டு அவர் வேறு பக்கத்தைத் திறந்து அரை நாள் வீணானது. இனி வலது, இடது என்று எழுதக் கூடாது. ஜன்னல் பக்கம், சுவர்ப் பக்கம் என்றே எழுத வேண்டும்.

சலவை ஆலையின் சாப்பாட்டு அறையில், காலி டிபன் டப்பாவின் மேல் நோட்டை வைத்து அவள் இதை எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். 'வீணானது' என்பதை அடித்துவிடலாமா என்று பேனா நுனி அதன்மேல் நின்றது. வீணானதுதானே, இருக்கட்டும் என்று நோட்டை மூடினாள். இந்த நாலு வரி மூன்று வாரம் கழித்துத் தன் தலையிலேயே வந்து விழும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆலையில் அவளை எல்லோரும் நோட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இருபத்து நாலு. பகலில் உருளைக்குப் பின்னால் நிற்பாள். சாயங்காலம் ஆறு மணிக்கு இயந்திரத் தொழில் மாலை வகுப்புக்கு ஓடுவாள். அந்த வகுப்பில் பெண் என்று இருந்தது அவள் ஒருத்திதான். முதல் நாள் வாத்தியார், "தையல் வகுப்பு மாடியிலம்மா" என்று வழிகாட்டினார். "நீராவி வகுப்பு கீழதானே சார்?" என்று கேட்டுவிட்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தவள், பதினாலு மாதம் அந்த இடத்தை மாற்றவில்லை.

மூன்றாம் உருளை ஒரு இஸ்திரி இயந்திரம். ஒரு லாரியின் அகலம், ஓர் ஆள் உயரம். உள்ளே நீராவி ஓடும் இரும்புத் தொட்டி, அதன்மேல் தடித்த துணி சுற்றிய உருளை. முன்பக்கத்தில் ஈர விரிப்பை நுழைத்தால் பின்பக்கம் காய்ந்து தகதகவென்று வரும். நாலு பெண்கள் அதைக் கையில் வாங்கி, உதறி, மடித்து, அடுக்க வேண்டும். புறங்கையெல்லாம் சூட்டுத் தழும்பு. ஆனால் உள்ளங்கை பொய் சொல்லாது. விரிப்பின் எந்த மூலையில் ஒரு பொட்டு ஈரம் மிச்சம் இருந்தாலும் மீட்டர் முள்ளுக்கு முன்னால் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

முன்பக்கம் நிற்கிறவர்கள் ஊர்க்காரர்கள், எல்லோரும் ஆண்கள். வால்வும் சக்கரமும் அவர்கள் கையில். பின்பக்கம் நிற்கிறவர்கள் வந்தவர்கள், எல்லோரும் பெண்கள். வந்தவர்கள் என்றால் நேற்று வந்தவர்கள் இல்லை. மூன்று தலைமுறை ஆகிவிட்டது. என்றாலும் ஊரின் பாஷையை எவ்வளவு சுத்தமாகப் பேசினாலும், வீட்டுக்குள் வேறு பாஷை பேசுகிறவர்களுக்கு அந்தப் பெயர் போவதில்லை. வந்த ஆண்கள் சலவை டிரம்மில் துணி போடலாம், வண்டி ஓட்டலாம். வந்த பெண்கள் பின்பக்கம். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் அந்த இரும்பு மலை, அதன் இரைச்சல், மூடுபனி மாதிரி நீராவி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பேச்சுக்கு வேலையே இல்லை. அதற்குத்தான் கரண்டி. பதினாறு வருஷத்துக்கு முன்னால் பின்பக்கம் நின்ற ஒருத்தி, பக்கவாட்டுக் கம்பியில் ஒரு டீக்கரண்டியைக் கயிற்றில் கட்டினாள். ஒரு தட்டு என்றால் சுவர்ப் பக்கம் ஈரம். இரண்டு தட்டு என்றால் ஜன்னல் பக்கம். அதைக் கேட்டு ஆபரேட்டர் வேகத்தைக் குறைப்பார், வால்வைத் திருப்புவார். மூன்றாம் உருளையில் ஒரு விரிப்புகூட ஈரமாகப் போனதில்லை என்று மேலாளர் வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். கரண்டியைக் காட்டியதில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ.

கரண்டி கட்டியவள் நோட்டுக்காரியின் அம்மா. இப்போது முழங்கால் போய் வீட்டில் இருக்கிறாள். அவள் இடத்தில் மருமகளும் மகளும்.

பழைய ஆபரேட்டர் விசிலடித்துக்கொண்டே வேலை பார்ப்பார்; விசில்காரர் என்று பெயர். தவறான பக்கத்தைத் திறந்த அன்று அவர் கோபப்படவில்லை. "நானும் நீயும் எதிரும் புதிருமா நிக்கிறோம்னு எனக்கும்தானே ஞாபகம் வரல?" என்றார். ஜூன் முடிவில் அவர் ஓய்வு பெற்றார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள்: மூன்றாம் உருளைக்கு ஆபரேட்டர் தேவை. மாலை வகுப்புச் சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை.

ஆலையிலேயே அந்தச் சான்றிதழ் ஒருத்தியிடம்தான் இருந்தது.

மனுவோடு சான்றிதழை வைத்தாள். கூடவே எட்டு மாத நோட்டையும் வைத்தாள். தேதி, நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு ஈரம், நீராவி அழுத்தம் எவ்வளவு என்று ஒரு நாள் விடாமல் எழுதியது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தாள்.

மேலாளர் அறையில் நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"எந்த ஊரு நீ?"

"இதே ஊருதான் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நான் பொறக்கல சார்."

பக்கத்தில் இருந்த கணக்காளர் சிரிப்பை இருமலாக்கினார். மேலாளர் சிரிக்கவில்லை.

"டூல் பெட்டி இருபது கிலோ. தூக்கிக்கிட்டு ஏணி ஏறணும். பொம்பளையால முடியுமா?"

"காலையில டிரம்மிலேருந்து ஈர மூட்டை இழுக்கறது நாங்கதான் சார். ஒண்ணொண்ணும் முப்பது கிலோ."

"அது தரையில."

"ஆமா சார். தரை வழுக்கும். ஏணி வழுக்காது."

அவர் நோட்டைத் திறந்தார். பக்கங்களை விசிறி மாதிரி ஓட்டினார். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே சரியாக நின்றார். ஜூன் பதினொன்று. சத்தமாகப் படித்தார். படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

"வலது எது, இடது எதுன்னு தெரியாதவ கையில நீராவியக் குடுத்தா ஆலையே பறந்துடும்."

"எட்டு மாசத்துல அது ஒண்ணுதான் சார் தப்பு. அதையும் நானே..."

"எழுதினது ஒண்ணு. எழுதாதது எத்தனையோ." நோட்டை மேசையின் மேல் தள்ளிவிட்டார். "இன்னொண்ணும் சொல்றேன், உன் நல்லதுக்குத்தான். முன்னாடி நிக்கிறவங்க எல்லாம் ஆம்பளைங்க, ஊர்க்காரங்க. நீ சொன்னா கேப்பாங்களா? போ. பின்னாடி நல்லாத்தானே இருக்க?"

வெளியே மழை. நாலு நாளாக விடாத மழை. குடையை விரிக்க மறந்து பாதி தூரம் நடந்துவிட்டாள். எழுதாத தவறுகள் எத்தனை இருக்கும் என்று மனசு எண்ண ஆரம்பித்தது. நடுரோட்டில் நின்று, எழுதுகிற கை எது என்று விரலை மடக்கிப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்காக அவளுக்கே அவள்மேல் ஆத்திரம் வந்தது.

வீடு இரண்டு அறை. முன்னறையில் குறுக்கே கயிறு. அதில் காயாத துணி. ஊருக்கெல்லாம் துணி காயப்போடுகிறவர்கள் வீட்டில் நாலு நாளாக ஒரு துண்டுகூடக் காயவில்லை. அண்ணி அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஈரச் சட்டைகளுக்கு நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவன் ஆலையின் வண்டி ஓட்டுகிறவன். நிரந்தர வேலை இல்லை; காலையில் சாவி கொடுத்தால் வேலை, கொடுக்காவிட்டால் இல்லை.

நடந்ததைச் சொன்னாள். நோட்டில் எழுதுவதைப் போலவே ஒன்றன்பின் ஒன்றாக, தன் தவறையும் சேர்த்துச் சொன்னாள்.

"வலது கை எதுன்னு கேட்டானா?" என்றாள் அம்மா, காலில் தைலம் தேய்த்தபடி.

"அப்படிக் கேக்கல."

"கேட்டிருக்கணும். கன்னத்துல காட்டியிருக்கலாம்."

அண்ணி சட்டுவத்தோடு திரும்பிச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

"நல்லா ஏத்தி விடுங்க. நாளைக்கு என் சாவியப் புடுங்கிட்டான்னா மூணு பேரும் சேர்ந்து வண்டியத் தள்ளுவீங்களா? இந்தாம்மா தங்கச்சி, கேட்ட. இல்லன்னுட்டான். விட்டுடு."

"யாரை எடுத்திருக்காங்களாம்?" என்று அண்ணி கேட்டாள்.

"கடைத்தெருவுல சோப்பு விக்கிறவன் ஒருத்தன். மேலாளருக்கு வேண்டியவன்," என்றான் அண்ணன்.

"சோப்பா! அப்ப துணிக்கும் அவனுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்லு."

"சும்மா இருடி."

"சும்மாத்தானே இருக்கேன்? ஒம்பது வருஷமா பின்னாடி சும்மாத்தானே நிக்கிறேன்?" அண்ணி அடுப்பை அணைத்தாள். உள்ளறைக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளோடு வந்தாள். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த உத்தரவு. "நாத்தனாரே, நீதான் படிச்சவ. என் வேலை என்னன்னு போட்டிருக்கு, படி."

அவள் படித்தாள். "பிடித்தல், மடித்தல், அடுக்குதல்."

"நாலாவதா?"

"நாலாவது இல்ல."

"தட்டுறதுன்னு எங்கயும் இல்லயே? இன்னொரு தடவ பாரு. நீ பொறுமையாப் பாக்கறவ."

நோட்டுக்காரி தாளைத் திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அம்மா தைலப் பாட்டிலை மூடினாள்.

"அந்தக் கரண்டி ஆறு கரண்டி செட்டுல ஒண்ணு," என்றாள். "பதினாறு வருஷமா அஞ்சை வச்சுக்கிட்டு டீ கலக்குறேன். விருந்தாளி வந்தா ஒருத்தருக்கு விரல்தான். எடுத்துட்டு வாங்கடி என் கரண்டிய."

"பைத்தியம் புடிச்சிருக்கு எல்லாருக்கும்," என்று அண்ணன் தட்டோடு எழுந்து போனான்.

நோட்டுக்காரிக்கு உடனே சரி என்று சொல்ல வரவில்லை. எதையும் உடனே சொல்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. ஆஸ்பத்திரித் துணி எந்த உருளைக்குப் போகிறது என்று மறுநாள் விசாரித்தாள். முதல் உருளைக்கு மட்டும் என்றார்கள். இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டாள். மூன்றாம் உருளைக்கு வருவது பெரிய ஹோட்டல் துணி. நோயாளி யாரும் ஈரத்தில் படுக்கப் போவதில்லை. பிறகு பின்பக்கத்தில் மூத்தவளான பெரியக்காவிடமும், பக்கத்தில் நிற்கும் ஊமைச்சியிடமும் கேட்டாள். அதிகம் பேசாதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வாய் நன்றாகவே உண்டு.

"கை மாட்டினா?" என்று பெரியக்கா கேட்டாள்.

"கத்துவோம். சிவப்புப் பட்டன் இருக்கு, அழுத்துவோம். அது உசுரு. அதுல விளையாட்டு இல்ல. ஈரத்துக்கு மட்டும்தான் தட்டறது இல்ல."

ஊமைச்சி எட்டிக் கயிற்றிலிருந்து கரண்டியை அவிழ்த்து நோட்டுக்காரியின் கையில் வைத்தாள்.

ஜூலை எட்டாம் தேதி, திங்கட்கிழமை, சோப்புக் கடைக்காரர் வந்தார். முப்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. பத்து மணிக்கெல்லாம் அது நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. மழைக்காலத்தில் துணி ஈரத்தைக் கூடுதலாகக் குடித்துக்கொண்டு வரும்; உருளை திணறும். பதினொரு மணிக்கு ஜன்னல் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு ஈரம் வர ஆரம்பித்தது. நோட்டுக்காரியின் உள்ளங்கை அதைத் தொட்டது. கை தானாகவே கம்பிக்குப் போனது. அங்கே கயிற்றின் முடிச்சு மட்டும் தொங்கியது. கையை இழுத்துக்கொண்டு மடித்தாள். அடுக்கினாள்.

பன்னிரண்டு மணிக்கு அவரே இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். எந்த ஆபரேட்டரும் அப்படி வந்ததில்லை.

"அக்கா, ஏதாவது கோளாறுன்னா நீங்க தட்டுவீங்கன்னு சொன்னாங்களே. இன்னிக்கு ஒண்ணையும் காணோமே?"

"கரண்டி வீட்டுக்குப் போயிடுச்சு தம்பி," என்றாள் அண்ணி.

"எப்ப வரும்?"

"அது லீவு எழுதிக் குடுக்கல."

அவர் திருதிருவென்று விழித்தார். நோட்டுக்காரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"உங்க மேல கோவம் இல்லண்ணே. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வேலைக்கு எடுக்கறப்ப உங்ககிட்ட என்ன கேட்டாங்க? வலது எது, இடது எதுன்னு கேட்டாங்களா?"

"இல்லையே. சாப்டியான்னு கேட்டாங்க."

பெரியக்கா கையிலிருந்த விரிப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்க இரண்டு விரிப்பு நேரம் ஆயிற்று. நோட்டுக்காரி சிரிக்கவில்லை. அன்று நோட்டில் எழுதினாள்: 11.05, ஜன்னல் பக்கம், ஒரு சாண். தட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்றரைச் சாண். தட்டவில்லை.

புதன்கிழமை மதியம் வண்டி பின்பக்கக் கதவருகில் வந்து நின்றது. போன துணி இறங்காமல் திரும்பியிருந்தது. அண்ணன் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினான். பிரித்ததும் புளித்த மாவு மாதிரி ஒரு நெடி அடித்தது. ஹோட்டலில் அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசியிருக்கிறார்கள் என்பது அவன் காதுமடல் சிவந்திருந்ததிலிருந்தே தெரிந்தது. தங்கையைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அண்ணன் வாயைத் திறந்தால் அவ்வளவுதான்.

மேலாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். நேராக அண்ணனிடம் போனார்.

"வண்டிக் கூரை ஒழுகுதா? மழையில நனைச்சுக் கொண்டுபோயிருக்க. உங்காளுங்களுக்கு ஒரு பொருள ஒழுங்கா வச்சுக்கத் தெரியுமா? சாவியக் குடு."

அண்ணன் ஈரமான கட்டு ஒன்றைத் தூக்கிக் கையில் வைத்திருந்தான். அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

"கூரை ஒழுகல சார். ஏறிப் பாருங்க. மேல் கட்டு எல்லாம் காஞ்சுதான் இருக்கு. மடிப்புக்கு உள்ள இருக்கு ஈரம். மழை மடிப்புக்குள்ள போய் உக்காராது." கொஞ்சம் நிறுத்தினான். "உருளையக் கேளுங்க. இல்லன்னா அதுக்குப் பின்னாடி நிக்கிறவங்களக் கேளுங்க. அவங்களுக்குத்தான் தெரியும். பதினாறு வருஷமா அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

சாவியைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மேலாளர் பெண்கள் பக்கம் திரும்பினார். "ஈரமா வருதுன்னு தெரிஞ்சும் மடிச்சீங்களா?"

"மடிக்கிறதுதானே சார் எங்க வேலை," என்றாள் அண்ணி. "உத்தரவுல போட்டிருக்கு. வீட்ல இருக்கு, வேணும்னா கொண்டாறேன்."

"தட்டுவீங்களாமே! ஏன் தட்டல?"

அப்போது ஊமைச்சி வாயைத் திறந்தாள். "தட்டணும்னா எந்தப் பக்கம்னு தெரியணும் சார். வலதா, இடதா? எங்களுக்குத்தான் அது தெரியாதாமே."

முன்பக்கத்து ஆண்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சோப்புக் கடைக்காரர் தரையைப் பார்த்தார். உருளை சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் விரிப்பை நுழைக்கவில்லை.

மேலாளருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் நோட்டுக்காரியைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"என்ன கோளாறு அதுல?"

"ஜன்னல் பக்கத்துல நீராவித் தண்ணிய வெளியேத்துற டிராப் அடைச்சிருக்கு சார். தண்ணி உள்ள தேங்குது. அந்தப் பக்கம் இரும்பு சூடேற மாட்டேங்குது. நவம்பர்லேருந்தே கொஞ்சம் கொஞ்சமா அடைக்குது. நோட்டுல இருக்கு. நீங்க வட்டம் போட்ட பக்கத்துக்கு முன்னாடியும் இருக்கு, பின்னாடியும் இருக்கு."

"சரி பண்ண எவ்வளவு நேரம்?"

"ஆற விடணும். கழட்டிக் கழுவி மாட்ட மூணு மணி நேரம்."

"அப்ப பண்ணு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்த டிராப்பின் மூடியை எந்தப் பக்கம் திருக வேண்டும், உள்ளே சல்லடையில் எவ்வளவு துரு இருக்கும் என்று எல்லாம் விரலுக்குத் தெரியும். ஒரு நிமிஷம், வெறும் ஒரு நிமிஷம், வேலையே போதும் என்றுகூடத் தோன்றியது.

"அது ஆபரேட்டர் வேலை சார்," என்றாள். "உத்தரவு குடுங்க. பண்றேன்."

"முதல்ல பண்ணு. அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம்னா பின்னாடி நல்லாத்தானே இருக்கன்னுடுவீங்க. நான் மடிக்கப் போறேன் சார்."

வியாழக்கிழமை சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். நாற்காலியைக் காட்டி உட்காரவும் சொன்னார்கள். அவள் நின்றுகொண்டே படித்தாள். மூன்றாம் உருளை, உதவியாளர், தற்காலிகம். இரண்டாவது முறையும் படித்தாள். பிறகு அதை மேசையில் வைத்தாள்.

"அறிவிப்புல ஆபரேட்டர்னுதான் சார் போட்டிருந்தது."

"அந்த இடத்துலதான் ஆள் இருக்கே!"

"அவரு வரட்டும் சார், கத்துக்கட்டும். நானே சொல்லித் தர்றேன். ஆனா அவருக்கு நான் உதவியாளர் இல்ல."

"நாளை மறுநாள் ஹோட்டல்காரங்க வந்து பாக்கறாங்க, தெரியுமா?"

"தெரியும் சார். துணி எப்படி இருக்கும்னும் கைக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அண்ணன் வாசலில் வண்டியின் கூரைமேல் ஏறி, ஒழுகாத கூரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். சாவி இடுப்பில் தொங்கியது. உத்தரவில் என்ன இருந்தது என்று சொன்னாள். திருப்பிக் கொடுத்துவிட்டதையும் சொன்னாள். திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"இருபத்து நாலாம் நம்பர் ஸ்பேனர்தானே அதுக்கு வேணும்?" என்றான் மேலே இருந்தபடியே. "என் வண்டியில ஒண்ணு இருக்கு. ஆலையோடது மழுங்கிப் போச்சு."

அம்மா டீ கொடுத்தாள். ஒவ்வொருவர் டம்ளரிலும் ஒரு கரண்டி இருந்தது. ஆறாவது கரண்டியின் காம்பில் பதினாறு வருஷத் தட்டு நசுங்கி ஒரு பள்ளம். அதை நோட்டுக்காரிக்கு வைத்திருந்தாள்.

டீயைக் குடித்துவிட்டு அவள் நோட்டைத் திறந்தாள்.

ஜூலை 11, வியாழன். மூன்றாம் உருளை, ஜன்னல் பக்கம், இரண்டு சாண் ஈரம். தட்டவில்லை. உதவியாளர் உத்தரவைத் திருப்பிக் கொடுத்தேன். செய்தது தவறா என்று இரண்டு முறை யோசித்தேன். தவறு இல்லை.

நாளை: ஸ்பேனரைப் பையில் எடுத்து வைக்க வேண்டும். ஏழரைக்கு நீராவியைத் திறந்துவிடுவார்கள்; அதற்கு முன்னால் போய்விட வேண்டும், அப்போதுதான் இரும்பு ஆறியிருக்கும். ஆபரேட்டர் என்று எழுதிய உத்தரவு வந்தால் ஜன்னல் பக்கத்து டிராப்பைக் கழற்றிக் கழுவ வேண்டும். வராவிட்டால் மடிக்க வேண்டும். தட்டக் கூடாது.